மருந்தன்று, கொல்லி

போட்டித் தேர்வு நூல்களில் ஹோமிசைடு, சூயிசைடு, ஜெனோசைடு, பெஸ்டிசைடு என்பன ஒரே பட்டியலில் நிற்கின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்கின்றனர். ஈறு உணர்த்தும் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை.

வெட்டுதல், கொல்லுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று வந்தது "சைடு" என்னும் ஈறு. இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அதனைச் சேர்த்தே ரஃபேல் லெம்கின் ஜெனோசைடு என்னும் சொல்லைப் படைத்தார். 1944இல் அது அச்சேறியது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கைக்கே அது பெயராயிற்று.

பெஸ்டிசைடிலும் அதே கொலைப்பொருள்தான் உள்ளது. இந்திய மொழிகளின் பேச்சுவழக்கிலோ அது மறைந்துபோகிறது. தமிழில் "பூச்சிமருந்து", தெலுங்கில் "புருகுல மந்து", இந்தியில் "தவாயி". பயிரைக் காப்பது என்ற நோக்கில் மருந்து என்னும் பெயர் பொருந்தலாம். அதைக் கலந்து தெளிப்பவரின் உடலுக்குப் பொருந்தாது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குத் தெளித்தவர்கள் பலர் நஞ்சேறி மாண்டனர்.

பெயரை மாற்றுவதால் மட்டும் உயிர் காக்கப்படாது. கையுறையும் முகக்கவசமும் வேண்டும். எனினும், மருந்து என்ற பெயர் அச்சத்தை ஆற்றிவிடுகிறது. அச்சமற்றவர் கவசம் தேடுவதில்லை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்னும் சொற்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன. "கொல்லி" என்னும் ஈறு பாடநூலோடு நின்றுவிடாமல் கடைப் பலகைக்கும் வயலுக்கும் வரவேண்டும்.