கோச்சி வரட்டும், முதலில் எல்லைக்கல்லைப் பற்றிப் பேசுவோம்



இரண்டு நாளாக எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கண்ணாடிக் கூரை போட்ட ரயில். இரண்டு பக்கமும் செந்நிறப் பாறையும் பாலைவனமும். உள்ளே வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள் கோப்பி குடித்தபடி படம் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் பாலைவனத் தேசிய பூங்காக்களை ரயிலில் போய்ப் பார்க்கும் விடுமுறையாம். அதற்குக் கீழே ஒரு சேர் எழுதியிருந்தார்: "எங்கட வன்னிக்கும் இப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்?" எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும்தான். தட்டிய பிறகுதான் யோசித்தோம்.

அப்படி ஒரு பயணத்துக்குத் தேவையான எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. மதவாச்சியில் இருந்து தலைமன்னார் போகும் பாதையை எடுங்கள். 1990 இல் நின்ற கோச்சி 2013 இல் மடு வீதி வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரைக்கும் திரும்பி வந்தது. செட்டிகுளம் தாண்டினால் மடுக்காடு. மடு வீதி தேசிய பூங்கா, 16,000 ஹெக்டேயருக்கு மேல். பிறகு மன்னார்: இலங்கையின் மிக வறண்ட மூலைகளில் ஒன்று. உடைமரம், பனை, மணல் மேடு, தெருவில் திரியும் கழுதை, பள்ளிமுனைப் பெருக்கமரம். பாதை முடிகிற இடத்தில் ஆதாம் பாலக் கடல்சார் தேசிய பூங்கா. மற்றப் பாதையில் கிளிநொச்சியிலோ பரந்தனிலோ இறங்கிக் கிழக்கே போனால் சுண்டிக்குளம். மணலும் உப்புக் களப்பும் பூநாரையும். கோடையில் அந்த வெளியைப் பார்த்தால் பாலைவனத்துக்கு ராஜஸ்தான் போகத் தேவையில்லை.

ஆனால் எங்கள் பிள்ளைகள் பார்த்தது எது? நுவரெலியா, சீகிரியா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. ஒவ்வொரு வருடமும் கல்விச் சுற்றுலா என்று பஸ் பிடித்துத் தெற்குக்குக் கொண்டுபோவது நாங்களேதான். ஒன்பதாம் வகுப்பில் கேட்டோம்: சுண்டிக்குளம் போனவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு கை. அதுவும் மாமாவுடன் மீன் எடுக்கப் போன பிள்ளை.

சுற்றுலாவை நடத்துகிறவர்களுக்கும் வன்னி கண்ணில் படவில்லை. 2023 ஆகஸ்ட்டில் 'யாழ் நிலா' என்று பெயர் வைத்துச் சுற்றுலா ரயில் விட்டார்கள். இரவில் கல்கிசையில் புறப்பட்டு விடியும்போது காங்கேசன்துறையில் நிற்கும். அதாவது ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, ஆனையிறவு எல்லாம் பயணி குறட்டை விடும் நேரத்தில் கடந்து போகும். காட்சி பார்க்கப் போகிற வண்டி, காட்சியை இருட்டில் கடக்கிறது!

சரி, இது சின்ன விஷயம். பகலில் விடுங்கள் என்று கேட்டால் ஒருநாள் விடுவார்கள். எங்களுக்குத் தொண்டையில் நிற்பது வேறு.

2015 ஜூன் 22 அன்று வடக்கில் நான்கு இடங்கள் ஒரே நாளில் தேசிய பூங்காக்கள் ஆகின. மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம். பெயர்ப்பலகைதானே மாறியது என்று நினைக்காதீர்கள். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், மனிதர் குடியிருக்கலாம். தேசிய பூங்கா என்றால் அரச காணி மட்டும்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. இப்போது கேளுங்கள்: வன்னியில் எத்தனை குடும்பத்திடம் உறுதி இருக்கிறது? பெரும்பாலும் பெர்மிட் காணி, அல்லது வாப்பா காலத்தில் இருந்து வெட்டிக் கட்டி விதைத்த காணி. கடதாசியில் அதெல்லாம் அரச காணி.

அந்தக் கடதாசியும் எங்கே? 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் அகப்பட்டதோடு போனோம். பெர்மிட்டைத் தேடி எடுக்கும் நேரமா அது? இருபது வருடம் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடந்தோம். அந்த இருபது வருடத்தில் வயல் என்ன ஆகும்? நாயுண்ணி பிடிக்கும், ஈச்சை பிடிக்கும், விண்ணாங்கு வளரும். மேலே இருந்து படம் எடுத்தால் பச்சை. பச்சை என்றால் காடு. காடு என்றால் எல்லைக்கல்.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு சேரின் குடும்பக் காணி இப்படித்தான் போனது. திரும்பி வந்து பற்றை வெட்டியபோது கிணற்றுக் கட்டு கண்டது, தென்னை நின்ற அடி கண்டது. அடுத்த கிழமை கல் நட்டுவிட்டார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறினார். "இது காடு" என்றார் ஓர் அதிகாரி. "காட்டுக்குள்ள எப்படி சேர் சீமெந்துக் கிணறு முளைச்சது?" என்று இவர் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை அல்ல. 2009 இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை மெனிக் பாம் முகாம்களில் முள்வேலிக்குள் வைத்தார்களே, அது இதே செட்டிகுளத்துப் பக்கம்தான். அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது அவர்களின் வயலிலும் கல் நின்றது. 2017 இல் நந்திக்கடலையும் நாயாற்றையும் இயற்கை ஒதுக்கிடம் என்று வர்த்தமானியில் போட்டபோது, விதைக்கிற காணியும் தொழிலுக்குப் போகிற கரையும் உள்ளே போய்விட்டன என்று முல்லைத்தீவு மக்கள் கத்தினார்கள். நாங்கள் அப்போது வாய் திறந்தோமா? இல்லை. வில்பத்து விஷயத்தில் எங்களை அடித்தபோது அவர்களும் திறக்கவில்லை. கணக்குத் தீர்ந்தது என்று இருக்கலாம், ஆனால் இரண்டு பேருடைய காணியும் போகும்.

வில்பத்து என்றதும் சிலருக்கு இரத்தம் கொதிக்கும். நேராகவே பேசுவோம். மீள்குடியேற்றத்தின் பெயரில் காடு வெட்டி அரசியல் செய்த ஆட்கள் எங்களுக்குள் இருந்தார்கள். 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லி, மீண்டும் மரம் நடச் செலவைக் கட்டச் சொன்னது. அதை மறைக்க மாட்டோம். ஆனால் அந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, முசலியில் தொண்ணூறுக்கு முன் குடியிருந்த அத்தனை பேரையும் காடழித்தவன் என்று சொல்வது எந்த நியாயம்? 2017 இல் மாவில்லு ஒதுக்கக் காடு என்று சுற்றி வளைத்தது 40,000 ஹெக்டேயர். கொழும்பில் இருந்து ஹேஷ்டேக் போட்டவர்கள், சுண்டிக்குளத்திலும் நந்திக்கடல் ஓரத்திலும் இராணுவம் உல்லாச விடுதி கட்டியபோது இதே சத்தம் போட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. பூநாரைக்கு ஆமிக்காரனின் குளிரூட்டி இதமாக இருக்குமோ என்னவோ.

இனி அந்த வீடியோவுக்கு வருவோம். ரயிலில் போய்ப் பார்க்கும் அமெரிக்கப் பூங்காக்களில் பெயர் போனது கிராண்ட் கன்யன். 1901 இலேயே அங்கே சுற்றுலா ரயில் போய்விட்டது, 1919 இல் தேசிய பூங்கா ஆனது. அந்தப் பள்ளத்தாக்குக்குள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்த ஹவசுபாய் என்ற பழங்குடியினரை 1882 இலேயே 518 ஏக்கருக்குள் ஒதுக்கியிருந்தார்கள். பூங்காவுக்குள் மிஞ்சியிருந்த கடைசி ஆளை 1928 இல் வெளியேற்றினார்கள். அவர்கள் விடாமல் வழக்காடினார்கள். 1975 இல் ஏறத்தாழ 185,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 2022 இல் அந்தத் தோட்டத்துக்கு அவர்களுடைய பெயரையே வைத்தார்கள். அந்த வீடியோவில் இதெல்லாம் இல்லை. ராஜஸ்தானில் 1980 இல் வந்த பாலைவனத் தேசிய பூங்காவுக்குள் இன்றும் பல கிராமங்கள் இருக்கின்றன. கானமயிலுக்காக வந்த சட்டம் அங்கே ரோட்டுக்கும் கரண்டுக்கும் தடையாக நிற்கிறது என்று சனம் முறையிடுகிறது. பக்கத்து ஜெய்சல்மேருக்கு அரண்மனை ரயிலில் பணக்காரப் பயணி வந்து போகிறார்.

ஆகவே வன்னிக்குச் சுற்றுலா ரயில் வேண்டும் என்று லைக் போடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஜீப் ஓடத் தொடங்கிய பிறகு எல்லைக்கல்லை அசைக்க ஏலாது. அதற்குள் காசு வந்துவிடும், விடுதி வந்துவிடும், கொழும்பில் கம்பனி வந்துவிடும். கல்லைப் பற்றிய பேச்சு இப்போதே நடக்க வேண்டும். தொண்ணூறுக்கு முந்திய குடியிருப்பை நிறுவப் பெர்மிட் மட்டும்தான் சாட்சி என்றால் நாங்கள் தோற்றோம். பாடசாலைச் சேர்வு இடாப்பு, வாக்காளர் இடாப்பு, பழைய நில அளவைப் படம், கிணறு, மையவாடி எல்லாவற்றையும் சாட்சியாக எடுக்க வேண்டும். பூங்கா திறந்தால் வழிகாட்டியும் ஜீப்பும் படகும் சுற்றியிருக்கிற கிராமங்களுக்கு. வன்னிப் பாடசாலைப் பிள்ளைக்கு நுழைவுச் சீட்டு வேண்டாம். காட்டைக் காக்கச் சொல்லுங்கள், காப்போம். அந்தப் பாலைமரம் எது, வீரை எது என்று உங்களுடைய ஜீப் சாரதிக்குத் தெரியாது, எங்களுடைய பெரியவர்களுக்குத் தெரியும்.

பிரதேச செயலாளருக்கான கடிதம் எழுதி முடித்துவிட்டோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் வைத்திருப்போம். ஞாயிறு காலை அதே கடிதம் சந்தைக் கடையடியில் தமிழ் ஆசிரியர்களிடம் இருக்கும். 1990 க்கு முந்திய சேர்வு இடாப்பின் பிரதியோ, அந்தக் காலத்துக் குடும்ப அட்டையோ வைத்திருப்பவர்கள் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோ கொப்பி மட்டும் கொண்டு வாருங்கள்.