மூன்று வாரம் போதும், அதற்கு மேல் பொறுக்க வேண்டாம்



தொண்டையில் புற்றுநோய் என்றதும் உயிர்ப் பயத்தோடு இன்னொரு பயமும் வருகிறது: இனிப் பேச முடியாதோ? நோய் முற்றியபின் குரல்வளையையே எடுக்க நேர்ந்தவர்களைப் பார்த்த பயம் அது. ஆனால் குரல்நாணில் தொடங்கும் புற்றை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால், பெரும்பாலும் நோயும் தீரும், பேச்சும் நிலைக்கும். லேசர் அறுவை அதற்கு ஒரு நல்ல வழி.

1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த அறுவைக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அந்தக் கதிரைத் தண்ணீர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். நம் சதையில் பெரும்பங்கு நீர்தான் என்பதால், கதிர் பட்ட இடம் ஆவியாகி அறுபடுகிறது. பக்கத்துத் திசுவுக்குச் சூடு அதிகம் பரவுவதில்லை. சிறு ரத்தக்குழாய்கள் அப்போதே அடைபடுகின்றன. 1970களில் பாஸ்டன் மருத்துவர்கள் இதை மைக்ராஸ்கோப்புடன் இணைத்துக் குரல்வளைக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் வொல்ஃப்காங் ஸ்டைனர் இதைப் புற்றுநோய்க்கான முழுமையான சிகிச்சை முறையாக வளர்த்தார்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக உலோகக் குழாயைச் செலுத்தி, அதன் வழியே கட்டியை அகற்றுகிறார்கள். கழுத்தில் கீறல் கிடையாது. குரல் சற்றுக் கரகரக்கலாம். ஆரம்ப நிலைக்குக் கதிர்வீச்சும் இதற்கு இணையான பலன் தரும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பெரிதாகப் பரவிய கட்டிக்கு லேசர் மட்டும் போதாது.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு வாய் நன்றாகத் திறக்க வேண்டும். பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, நாளடைவில் வாய் திறப்பதே குறைந்துவிடுகிறது. புற்றுக்கு வழிவிடும் அதே பழக்கம், சிகிச்சைக்கான வழியையும் அடைக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கஷாயம், மிளகுப்பால் என்று நாளைக் கடத்தாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆறாத வாய்ப்புண், கழுத்துக் கட்டி, விழுங்கும்போது வலி என்றாலும் அப்படியே. புகையிலையையும் பாக்கையும் இன்றே விடுங்கள். வீட்டில் யாருக்காவது வாய் மூன்று விரல் நுழையும் அளவு திறக்கவில்லை என்றால், அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்