மறைந்த துகிலும் மறையவேண்டிய வழக்கும்

ஒரு பொருள் மக்கள் வாழ்வினின்றும் நீங்குமாயின், அதனைக் குறித்த சொல்லும் சில தலைமுறைக்குள் நீங்கிவிடும். சொல்லும் நீங்கியபின் அப்பொருளை ஆக்கிய கைத்திறனை நினைப்பாரும் இலராவர். இவ்வுண்மையை ஆடையைப்போல் உணர்த்துவது பிறிதில்லை.

சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார், ஊர்காண் காதை உரையிலே 36 வகைத் துகில்களைப் பெயர் கூறி நிரற்படுத்துகின்றார். கோசிகம், சித்திரக்கம்மி, தேவாங்கு, பொன்னெழுத்து, பணிப்பொத்தி என அப்பெயர்கள் நீளும். அவ்வுரையோடு சிலம்பை உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டிற் பதிப்பித்தமையால் பெயர்களேனும் எஞ்சின. ஆயின், வகுப்பறையில் அவற்றைப் படிப்பிக்கும் யாம், இதுதான் சித்திரக்கம்மி என ஒரு முழத் துணியைத் தொட்டுக் காட்ட இயலாதவராய் நிற்கின்றோம்.

அது பழங்காலத்துச் செய்தியென்று அமைதல் வேண்டா. எம் பாட்டிமார் அறிந்த கொய்யகமும், குறுக்குக்கட்டும், சீத்தைத் துணியும், கம்பாயமும், துப்பட்டியும் இன்றைய மாணவர்க்கு அகராதிச் சொற்களாகிவிட்டன. எட்டுமுழ வேட்டியைக் கொடுக்கு வைத்து உடுக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். பரிசளிப்பு விழாவன்று இடுப்பிற் சுற்றி ஒட்டிக்கொள்ளும் வேட்டியைக் கடையில் வாங்குகின்றோம்.

இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் அகழ்ந்தெடுத்த சாயவேரினால் துணிக்குச் செந்நிறம் ஊட்டினர் நம் முன்னோர். அவ்வேரின் பயனறிந்த ஒல்லாந்தர், அதனை அகழும் உரிமையைத் தம் கையில் வைத்திருந்தனர். 1868ஆம் ஆண்டில் ஜேர்மனியர் அச்செந்நிறப் பொருளை இரசாயன முறையால் ஆக்கக் கற்றனர். வேரைத் தேடுவார் அற்றனர். 1970ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் தழைத்த நம் நாட்டுக் கைத்தறிகள், 1977ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தபின் நலிந்தன. கசங்காததும் விரைவில் உலர்வதுமாகிய பொலியெஸ்ரர் துணி எஞ்சிய இடத்தையும் பிடித்தது. தோய்த்துக் கஞ்சியிட்டு உலர்த்தும் வேலையினின்றும் தாய்மாரை விடுவித்த அத்துணியை யாம் பழிக்கமாட்டோம்.

பழைய ஆடையைப் புகழும் நாம் மற்றொன்றையும் மறைத்தலாகாது. தோளிற் சால்வை இடுதற்கும், வேட்டியை முழந்தாளின்கீழ்த் தாழ உடுத்தற்கும், மகளிர் மேலாடையால் மார்பை மூடுதற்குங்கூட உரிமை மறுக்கப்பட்டோர் இம்மண்ணிலே வாழ்ந்தனர். இறைவன் திருமுன் சால்வையை இடையிற் கட்டுதல் பணிவு. மனிதன் முன் அவ்வாறு கட்டுவித்தல் கொடுமை. அக்கொடுமை தீரப் பலர் அடியும் உதையும் பட்டனர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நிறத்தில் ஒரே வாங்கில் இருத்திய பள்ளிச் சீருடை, நெய்தற் சிறப்பு யாதும் இல்லாததாயினும், பட்டினும் உயர்ந்த ஆடையென்பது எம் துணிபு. ஆதலின், பழைய உடை மீளல் வேண்டும் என்று பொதுப்படக் கூறுவாரோடு யாம் உடன்படோம். நெய்தவன் திறன் மீளல் வேண்டும். உடுப்பவன் தரத்தை உடையால் அளந்த வழக்கு மீளலாகாது.

இதற்குக் கல்லூரி செய்யத்தக்கன இரண்டு உள. முதலாவது, பழைய மாணவர் தத்தம் இல்லத்துப் பெட்டகங்களைத் திறத்தல். பேத்தியின் மணநாளில் எடுத்துப் பார்க்கும் கூறை, நூல் தேய்ந்த துப்பட்டி, பாட்டனார் சால்வை ஆகியவற்றின் பெயரையும், நெய்த ஊரையும், உடுத்த முறையையும் முதியோர் உள்ளபொழுதே மாணவர் கேட்டெழுதுவாராக. அத்தொகுப்பு ஏடுகளில் உள்ள பெயர்களுக்கு உயிரூட்டும்.

இரண்டாவது, நம் மேடைகளிற் போர்த்தும் பொன்னாடை. மின்னும் அத்துணியிற் பொன்னும் இல்லை. பெற்றவர் அதனை மறுபடி அணிவதும் இல்லை. அலுமாரியில் அடுக்கப்பெற்றுப் பின்னர் வேறொருவர் தோளைச் சேர்வதே அதன் வாழ்வு. அதற்கு ஈடாக உள்ளூர்த் தறியில் நெய்த பருத்திச் சால்வையொன்றைப் போர்த்துவோமாயின், பெரியார்க்கு உடுக்கத்தக்க ஆடையும் நெசவாளர்க்கு ஒருநாட் கூலியும் கிடைக்கும். 1927ஆம் ஆண்டு நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதர் நிதிக்குப் பொருள் வேண்டியபோது, நம் மக்கள் மனமுவந்து ஈந்தனர். அவர் வழிவந்த நமக்கு ஆண்டிற் சில சால்வைகள் வாங்குதல் அரிதாகுமா?

விழா மலருக்குப் பொருள் உதவும் பழைய மாணவர் இதனையும் எண்ணுவாராக. அடுத்த பரிசளிப்பு விழாவிலே தலைமை விருந்தினர் தோளில் இடுவது பருத்திச் சால்வையாகட்டும். அச்சால்வை எவர் தோளுக்கும் உரியதென்பதை அதனைக் காணும் மாணவர் அறியட்டும்.