செத்த மான் சர்க்காருடையது, மேய்கிற மான் யாருடையது?

தை பிறந்ததும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிவிடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா விட்டுப்போனது மொத்தம் ஐந்தேகால் ஏக்கர். மூன்றேமுக்கால் கிணற்றுப் பாசனம். நெல், வேர்க்கடலை, வரப்போரம் கொஞ்சம் மா. மீதி ஒன்றரை ஏக்கர் மலையடிவாரத்துக் கல்லாங்காடு. இலந்தை, சூரை, காரை, ஆவாரை என்று முள்ளும் புதருமாகக் கிடக்கும். நடுவில் ஒரு பாழுங்கிணறு, தாழ்ந்த பக்கத்தில் மழைத் தண்ணீர் நிற்கிற ஒரு குட்டை. அவ்வளவுதான்.

ஜே.சி.பி. விட்டு ஒரே நாளில் வழித்துவிட்டு மனை போடலாம் என்பது தம்பியின் யோசனை. "சும்மா கிடக்குதுண்ணா. மானுக்கும் பன்னிக்கும் சத்திரம் கட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்கிறான். கிணற்றடி நிலத்தில் பயிர் வைத்து, ராத்திரியில் டார்ச் லைட்டோடு காவல் இருப்பவன் அவன். ரிட்டயர் ஆகிவிட்டு திண்ணையில் உட்கார்ந்து எழுதுபவன் நான். ஆகவே அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள்.

ஆர்.கே.பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தறிச் சத்தம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரைத் தாண்டி ஒரு மைல் போனால் குன்றும் காடும்தான். புள்ளிமான் எங்களுக்கு ஒன்றும் அதிசயம் இல்லை. பாதி வீட்டில் தெலுங்கு பேசுகிற ஊர் இது. 'துப்பி' என்றுதான் என் பாட்டி சொல்வாள். நான் பிறந்தபோது ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960-இல்தான் திருத்தணியோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தோம். அதற்கும் முன்னால் இந்தப் பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன். ராஜாக்கள் வேட்டையாடியதைப் பற்றிக் கதை சொல்ல ஊருக்கு நாலு பேர் அப்போது இருந்தார்கள்.

ஜமீன்தார் மட்டுமா வேட்டையாடினார்? மறைப்பானேன், என் தாத்தாவிடமும் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மருந்து இடித்து, குண்டு போட்டு, குச்சியால் கெட்டித்துச் சுடுகிற வகை. வருஷத்தில் இரண்டு மூன்று முறை வீட்டில் மான் கறி வேகும். நானும் தின்றிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அந்தக் கல்லாங்காட்டைத் தாத்தா உழாமல் விட்டதே மானுக்காகத்தான், அதாவது மான் கறிக்காக. கோடை வந்தால் கூலி ஆள் வைத்துக் குட்டையைத் தூர் வாருவார். காய்ந்த கோரையை ஒரு மூலையில் மட்டும் கொளுத்திவிடுவார். முதல் மழை விழுந்ததும் அங்கே பசும்புல் முளைக்கும், மான் அதற்கு வரும். இலந்தையை வெட்ட யாரையும் விடமாட்டார். குட்டையில் வாய் வைத்த மானையும் சினை மானையும் சுடக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வேட்டைக்காரன் எழுதாமல் வைத்திருந்த சட்டம் என்றாலும் அதை மீறி அவர் சுட்டதை நான் பார்த்ததில்லை.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. நல்லது. அது வந்திருக்காவிட்டால் இன்று படத்தில்தான் மானைப் பார்த்திருப்போம். துப்பாக்கியும் போயிற்று, சில வருஷத்தில் தாத்தாவும் போனார். ஆனால் அந்தச் சட்டம் இன்னொன்றையும் நிறுத்தியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்பா ஒரு கோடையில்கூடக் குட்டையைத் தூர் வாரவில்லை. ஏன் வாரவேண்டும்? கூலி கொடுத்துத் தண்ணீர் காட்டி, வருகிற மான் நம் கடலைக்கொடியை மேய்வதற்கா? கொல்வது நின்ற அன்றைக்கே பேணுவதும் நின்றுபோனது. குட்டை மேடிட்டது. சீமைக்கருவேலம் உள்ளே வந்தது. தாகம் எடுத்த மான் ஊருக்குள் வர ஆரம்பித்தது. வந்த மானை நாய் குதறுகிறது, இல்லையென்றால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. எங்கள் பாழுங்கிணற்றிலேயே இதுவரை இரண்டு விழுந்திருக்கின்றன. ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். இன்னொன்றை மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம்.

அந்த இரண்டாவது மான் விஷயத்தில்தான் நான் சட்டம் படித்தேன். அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கிற வன விலங்கு மாநில அரசின் சொத்து. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும். சரி, சொன்னோம். ஆனால் என் கேள்வி இது: செத்தால் சர்க்கார் சொத்தாகிற மான், உயிரோடு என் தம்பியின் கடலையை மேய்கிற வரைக்கும் யாருடைய மாடு? நம் மாடு பக்கத்து வயலில் மேய்ந்தால் பட்டியில் கட்டி அபராதம் வாங்குகிற ஊர் இது.

நஷ்ட ஈடு உண்டே என்பார்கள். உண்டு. மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, வேளாண்மை அலுவலரைப் பார்த்து, வனத்துறை ஆள் வந்து பார்த்து, போட்டோ எடுத்து... அதற்குள் அடுத்த போகம் அறுவடைக்கு வந்துவிடும். ஒரு தடவை அலைந்த தம்பி, பஸ் சார்ஜைக் கணக்குப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டான்.

என் அக்கா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். நானும் என் மனைவியும் அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். அவனோடு வேலை பார்க்கிறவருக்குக் குடும்ப நிலம் இருநூறு ஏக்கர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். குதிரைமசால் மாதிரி ஒரு தீவனத்தை மானுக்கென்றே விதைத்திருக்கிறார். குளம் வெட்டியிருக்கிறார். மூன்று காலில் ஒரு டிரம் நிற்கிறது; குறித்த நேரத்துக்குத் தானே மக்காச்சோளத்தைச் சிதறும். இதெல்லாம் கருணையா என்றால் இல்லை. சீசனில் வேட்டைக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். அங்கேயும் மான் மக்களுடைய பொதுச் சொத்துதான், நிலத்துக்காரனுடையது இல்லை. ஆனால் நிலத்துக்குள் கால் வைக்கிற உரிமை அவனுடையது, அதை விற்கிறான். சுடுகிறவன் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்குகிறான், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி கட்டுகிறான். 1937-இல் போட்ட சட்டப்படி அந்த வரி வன விலங்குக்கே போகிறது. என் தாத்தா படிக்காமல் செய்ததை இங்கே புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம ஊர்லயும் தொறந்து விட்டா என்ன மாமா? மானும் இருக்கும், விவசாயிக்கும் காசு வரும்" என்றான் மருமகன்.

வேண்டவே வேண்டாம் என்றேன். தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சராசரி நிலம் இரண்டு ஏக்கருக்கும் குறைவு. என் குட்டையில் தண்ணீர் குடித்த மான் பொழுது விடிவதற்குள் பத்துப் பட்டாவைத் தாண்டிவிடும். தீனி போட்டவன் ஒருவன், சுட்டுக் காசு பார்ப்பவன் இன்னொருவன் என்றாகும். அதோடு வேலிக்கு அந்தப் பக்கம் கடலை பறிக்கிற பெண்கள் இருப்பார்கள், ஆடு மேய்க்கிற பையன் இருப்பான். இருநூறு ஏக்கரில் பறக்கிற குண்டு வேறு, இரண்டு ஏக்கரில் பறக்கிற குண்டு வேறு. துப்பாக்கியை யார் வைத்திருப்பார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கோவணம் கட்டி உழுகிறவன் கையில் அது இருக்காது.

ஆனால் மருமகனின் கேள்வி அதோடு செத்துவிடவில்லை. மானால் நிலத்துக்காரனுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா ஒரு பதில் வைத்திருக்கிறது. நாம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. 'மானைக் கொல்லாதே' என்று சொல்லியாயிற்று. 'மானை வளர்' என்று ஒருவருக்கும் சொல்லவில்லை, சொன்னாலும் செலவை யார் கொடுப்பது?

பட்டணத்தில் இருக்கிறவர்கள் கிண்டியில் குழந்தைக்கு மான் காட்டிவிட்டு வந்து, 'காட்டை அழித்துவிட்டார்கள் கிராமத்தான்கள்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் பார்க்கிற மானுக்கு வேலியும் தண்ணீரும் சர்க்கார் செலவு. எங்கள் மானுக்குத் தீனி எங்கள் செலவு. மான் மீது அன்பு செலுத்துவதற்குக் கட்டணம் ஒன்றும் இல்லை என்பதால்தான் அவர்களுக்கு இவ்வளவு அன்பு.

இந்த அலட்சியத்துக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். கடலைக்கொல்லையைச் சுற்றி வெறும் கட்டுக்கம்பியைக் கட்டி, பம்ப்செட் லைனிலிருந்து நேராக 230 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். பன்றிக்கும் மானுக்கும் என்றுதான் வைக்கிறார்கள். விடிகாலையில் போன் வரும். போய்ப் பார்த்தால் கம்பியைப் பிடித்தபடி கிடப்பது பக்கத்துக் கொல்லைக்காரர், தண்ணீர் கட்டப் போனவர். எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். ஒருமுறை கம்பியைத் துண்டித்து அந்தக் கையை விடுவித்தவன் நான். கம்பி வைத்தவரும் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இருபது மூட்டைக் கடலைக்காகச் செய்தது அது.

சோலார் வேலி என்று கடையில் விற்பது வேறு. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் கண் இமைக்கிற நேரத்தில் ஒரு சின்னப் பங்கு. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் உதறித் தள்ளுமே தவிர ஆளைப் பிடித்து வைக்காது. 230 வோல்ட் பிடித்தால் விடாது. வீட்டு லைனை வேலியில் கொடுப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனதில் வையுங்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பட்டா நிலத்தில் புதரைப் புதராகவே விட்டு வைப்பவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷ வாடகை கொடுங்கள். நஷ்ட ஈடு இல்லை, வாடகை. நஷ்ட ஈடு என்றால் பயிர் போன பிறகு மனுவோடு நிற்கவேண்டும். வாடகை என்றால் மான் இருப்பதே வருமானம். கோஸ்டா ரிகா என்ற குட்டி நாடு, நிலத்தில் காட்டை வைத்திருக்கிறவர்களுக்கு 1997-இலிருந்து பணம் கொடுத்து வருகிறது, அதற்கு எரிபொருள் வரியில் ஒரு பங்கை ஒதுக்கி. அவர்களால் முடிகிறது. இங்கே நூறு நாள் வேலையில் குளம் வெட்டுகிறோமே, அந்த ஆட்களைக் கொண்டே மலையடிவாரப் பாழுங்கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எடுத்து, குட்டைகளைத் தூர் வாரினால் மான் ஏன் ஊருக்குள் வருகிறது?

நாம் கும்பிடுகிற வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவள்தான். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண்கல் வீசிக் காவல் காத்தவளும் அவளேதான். திருத்தணி மலையேறி அவளையும் முருகனையும் சேர்த்துக் கும்பிடுகிறோம். மானின் மகள், பயிரின் காவல்காரி, இரண்டும் ஒரே பெண் என்பது எனக்கு இந்த வயதில்தான் உறைத்தது.

தம்பியிடம் போன வாரம் பேசி முடித்துவிட்டேன். கிணற்றடி நிலம் முழுவதும் அவனுக்கு. கல்லாங்காடு ஒன்றரை ஏக்கர் எனக்கு. விலைக்கணக்கில் எனக்கு நஷ்டம் என்று என் மகனுக்கு வருத்தம். இரண்டு நாள் பேசவில்லை. பாழுங்கிணற்றுக்கு மூன்றடி உயரச் சுவர் எடுக்கக் கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். கல் அங்கேயே கிடக்கிறது, சிமெண்ட்டும் கூலியும்தான் செலவு. பென்ஷனில் தாங்கும். குட்டையை மாசிக்குள் தூர் வாரவேண்டும்.

"உன் மான் ராத்திரி என் கடலைக்குத்தாண்ணா வரும்" என்றான் தம்பி, கையெழுத்து விஷயம் பேசி முடிந்த பிறகு. வரும்தான். காவலுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.