சினிமாக்காரரின் மூவர் கச்சேரி

சினிமாவுக்குச் சங்கீதம் அமைக்கிறவர்களைப் பற்றி நம்மில் பலருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "கெட்டிக்காரர்தான், ஆனால்..." என்று இழுப்போம். அந்த 'ஆனால்' இருக்கிறதே, அது பொல்லாத வார்த்தை. ஒரு மனிதர் வருஷக் கணக்கில் உழைத்துச் சம்பாதித்த பெயரை இரண்டே விநாடியில் கரைத்துவிடும். மேடையில் உட்காருகிற வித்வான் தம் மனோதர்மப்படி வாசிக்கிறார். சினிமாக்காரர் முதலாளி சொன்னபடி வாசிக்கிறார். ஆகவே இவருக்குக் கை உண்டு, உள்ளம் கிடையாது என்பது அந்த 'ஆனா'லின் தாத்பரியம்.

அமெரிக்காவில் ஜாஸ் ரசிகர்கள் இந்த 'ஆனா'லை ரொம்ப காலம் ஒரு மனிதர் மீது பிரயோகித்து வந்தார்கள். ஆந்த்ரே ப்ரெவின் என்பது அவர் பெயர். சினிமா இசைக்காக நான்கு தடவை ஆஸ்கார் பரிசு வாங்கியவர். அந்த நான்கு பரிசுகளுக்கு நடுவே, பியானோ, பாஸ், டிரம் என்று மூன்றே வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஜாஸ் வாசித்தவர். அவர் இதில் நிஜமான ஆள்தானா, அல்லது ஓய்வு நேரத்தில் பொழுது போக்க வந்த பணக்காரரா? தீர்ப்பு உங்களுடையது. எனக்குத் தெரிந்த சாட்சியங்களை மட்டும் முன் வைக்கிறேன்.

பிறந்த ஊர் பெர்லின். யூதக் குடும்பம். அந்தக் காலத்து பெர்லினில் அது எத்தகைய பாவம் என்பது நேயர்களுக்குத் தெரியும். சங்கீதக் கல்லூரியில் பியானோ கற்றுக்கொண்டிருந்த பையனை 1938இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். குடும்பம் பாரிஸுக்கு ஓடியது. அங்கே விசாவுக்குக் காத்துக் கிடந்தது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் வக்கீலாக இருந்த தகப்பனார் புது ஊரில் பியானோ பாடம் சொல்லிக் கொடுத்தார். பையனுக்கு ஆங்கிலமே அங்கே போய்த்தான் வந்தது.

அவன் கேட்டு வளர்ந்ததெல்லாம் மொஸார்ட், பீத்தோவன், பிராம்ஸ். ஜாஸ் என்றால் இன்னதென்று தெரியாது. ஒருநாள் ஆர்ட் டேட்டம் என்ற மேதையின் இசைத்தட்டு ஒன்று காதில் விழுந்தது. கறுப்பர், கண் பார்வை ஏறக்குறைய இல்லாதவர், பியானோவில் அவர் பத்து விரல்களும் இருபது விரல்கள் மாதிரிப் பேசும். பையன் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அப்படியே வாசிக்க முயன்றான். நம்மூர்ப் பையன்கள் பெரிய நாதஸ்வர வித்வான்களின் தட்டைத் தேயத் தேயக் கேட்டுப் பாடம் பண்ணியதைப் போலத்தான்.

இன்னொரு கதையை அவரே சொல்லியிருக்கிறார். சிறு வயதில் ஊமைப் படம் காட்டும் கொட்டகை ஒன்றில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்கும் வேலை. படத்தில் ஒரு பக்கம் நவீன காலக் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் ஏசுநாதர் கதை என்று மாறி மாறி வரும். பையன் கொண்டாட்டத்துக்கு ஏற்ற குதியாட்ட மெட்டில் தன்னை மறந்து போனான். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஏசுவைச் சிலுவையில் அறைந்துகொண்டிருக்கிறார்கள்! வேலை அன்றோடு போயிற்று.

சினிமா விட்டுவிடவில்லை. 1946இல், பள்ளிக்கூடம் முடிவதற்குள்ளாகவே, எம்.ஜி.எம். ஸ்டூடியோ அவரைச் சங்கீத இலாகாவில் சேர்த்துக்கொண்டது. சொந்தமாக முழுப் படத்துக்கு இசை அமைத்தது 1949இல் வந்த 'தி சன் கம்ஸ் அப்'. கதாநாயகியோடு சமமாக அதில் நடித்தது 'லாஸி' என்ற நாய்! நாய் படத்தில் வசனம் குறைவு அல்லவா? அதனால் சங்கீதத்துக்கு இடம் ஜாஸ்தி. இளைஞருக்கு நல்ல பயிற்சிதான்.

ஸ்டூடியோ வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சினிமா பிலிமில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கதவு திறக்கும்போது ஒரு வாத்தியம், கதாநாயகன் திரும்பும்போது இன்னொன்று என்று கணக்குப் போட்டு எழுத வேண்டும். வாத்தியக்காரர்களின் காதில் 'டிக் டிக்' என்று ஓர் ஓசையை ஓட விடுவார்கள். 12 படங்களுக்கு ஒரு 'டிக்' என்றால் நிமிஷத்துக்குச் சரியாக 120 தட்டு. தாளம் போடுவது மனிதன் இல்லை, பிலிம் சுருள்! அரை விநாடி தள்ளிப் போனால் அத்தனை பேரும் மறுபடியும் வாசிக்க வேண்டும். எவ்வளவு நல்ல யோசனை அந்த நேரத்தில் உதித்தாலும் அதற்கு இடம் கிடையாது.

இது போதாதென்று மேலிடத்து உத்தரவுகள் வேறு. எம்.ஜி.எம்.மில் ஒரு காலத்தில் சர்வாதிகாரியாக இருந்தவர் இர்விங் தால்பர்க். ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தபோது சங்கீதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இங்கே என்ன கோளாறு?" என்று கேட்டார். "அது மைனர் கார்டு, ஐயா" என்றாராம் பக்கத்தில் இருந்தவர். மைனர் கார்டு என்பது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது ஒரு சோக நிழல் விழும்படி அமைந்த சேர்க்கை. மறுநாளே உத்தரவு பிறந்துவிட்டது: இனி இந்த ஸ்டூடியோப் படங்களில் மைனர் கார்டு கூடாது! நம் பக்கத்தில் 'முகாரிக்குத் தடை' என்று அரசாங்க கெஜட்டில் போட்டால் எப்படி இருக்கும்? தால்பர்க் 1936இலேயே காலமாகிவிட்டார். ஆனால் தாம் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தக் காகிதம் சுவரில் இருந்தது என்று ப்ரெவின் எழுதுகிறார். 1991இல் வந்த அவருடைய ஹாலிவுட் ஞாபகங்களுக்கு 'நோ மைனர் கார்ட்ஸ்' என்றே பெயர் வைத்தார்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் பகலெல்லாம் வேலை செய்கிற மனிதர் சாயங்காலம் எங்கே போவார்? இவர் ஜாஸுக்குப் போனார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 'கண்டெம்பரரி' என்று ஒரு சிறு இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. 'இக்காலத்தது' என்று பொருள். நடத்தியவர் லெஸ்டர் கோனிக். அவரும் சினிமாக்காரரே. அரசியல் காரணமாக ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் படத் தொழில் அவருக்குக் கதவடைத்துவிட்டது. அவர் ஜாஸ் தட்டுப் போடத் தொடங்கினார். ஒலிப்பதிவுக்குப் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தட்டுகளைக் கட்டி அனுப்புகிற பின்கட்டு அறைதான். ஆனால் ராய் டுனான் என்ற நிபுணர் அந்த அறையில் பிடித்த ஒலியை இன்றைக்கும் கேட்டால் வாத்தியக்காரர்கள் நம் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதாகத் தோன்றும்.

1956 மார்ச்சில் நியூயார்க்கில் 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகம் அரங்கேறியது. பெர்னார்ட் ஷாவின் கதை. பூக்காரப் பெண்ணுக்கு நாகரிகப் பேச்சுக் கற்றுக் கொடுத்து அவளைச் சீமாட்டியாக்கும் பேராசிரியரைப் பற்றியது. பாட்டுக்களுக்கு மெட்டமைத்த ஃப்ரெடரிக் லோவும் பெர்லினில் பிறந்தவர்தான். ஊரெல்லாம் அந்தப் பாட்டுக்கள். அதே ஆகஸ்டில் ப்ரெவினும், ஷெல்லி மான் என்ற டிரம் வித்வானும், லெராய் வினகர் என்ற பாஸ் வித்வானும் கோனிக்கின் பின்கட்டு அறையில் கூடி, அந்த ஒரே நாடகத்தின் எட்டு மெட்டுக்களை எடுத்து ஒரு முழுத் தட்டு வாசித்துவிட்டார்கள். தட்டின் மேல் இருந்த பெயர் டிரம்காரருடையது. 'ஷெல்லி மானும் நண்பர்களும்'. ஆனால் வண்டியை ஓட்டியவர் யார் என்பது கேட்டவுடன் தெரிந்துவிடும். அக்காலத்தில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டுக்களில் அது ஒன்றாயிற்று.

அப்படி என்ன செய்தார்கள்?

ஜாஸ் மூவர் கச்சேரியின் இலக்கணம் எளிது. முதலில் தெரிந்த மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் அடியில் இருக்கும் சுர அடுக்குகளின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கற்பனை செய்வார்கள். சுற்று மாறாது, சுற்றுக்குள் நடப்பது மாறிக்கொண்டே இருக்கும். நம் பல்லவி ரசிகர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பிடில். வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டுவார்கள். வினகர் யாரிடமும் பாடம் கேட்காமல் தாமாகக் கற்றவர். தட்டுக்கு ஒரு ஸ்வரமாக அவர் நடந்து போகும் நடை இருக்கிறதே, அதற்காகவே அவருக்குப் பேர். ஆடம்பரமே கிடையாது. யானை கோயில் வீதியில் போவது மாதிரி போய்க்கொண்டே இருப்பார். ஷெல்லி மான் டிரம்மை அடிக்கிறவர் அல்ல. அதைப் பாட வைக்கிறவர். மெல்லிய கம்பிகளைத் துடைப்பம் போல் சேர்த்த 'பிரஷ்'ஷால் தோலைத் தடவினாரானால் யாரோ பக்கத்தில் பட்டுப் புடவை கட்டி நடப்பதாக இருக்கும்.

நாடகத்தில் குதிரைப் பந்தயக் காட்சி ஒன்று வருகிறது. சீமான்களும் சீமாட்டிகளும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் விறைத்து நின்று, 'என்ன பரபரப்பு!' என்று பாடுவது வேடிக்கை. அதற்கான மெட்டும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அதே மெட்டு இந்த மூவரிடம் அகப்பட்டதும் குதிரையாகவே மாறிவிடுகிறது. லோவின் கேலியை இவர்கள் தலைகீழாக்கி, சீமான்கள் மறைத்த குதூகலத்தை வெளியே விட்டார்கள்.

ஆனால் நான் சாட்சியாகக் கூப்பிடுவது வேறு பாட்டை. நாடகத்தின் கடைசியில் அவள் போய்விடுகிறாள். கர்வம் பிடித்த பேராசிரியர், அவள் முகம் தமக்குப் பழகிப் போய்விட்டதே என்று திகைத்து நின்று பாடுகிறார். மேடையில் அந்த வேஷம் போட்ட ரெக்ஸ் ஹாரிஸன் பாடகர் அல்ல. பாதி பேச்சு, பாதி பாட்டு. அவருக்குத் தோதாக மெட்டும் சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றி வரும். பியானோவில் இதை வாசிப்பது கஷ்டம். பேசுவதற்கு வார்த்தை இல்லை. ஓடி விளையாட ஸ்வரம் இல்லை. டேட்டத்தைப் பாடம் பண்ணிய விரல்கள் இங்கே என்ன செய்யும் என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை! சாவகாசமாக ஒரு ஸ்வரம், கொஞ்சம் மௌனம், அடியில் எதிர்பாராத ஒரு சுர அடுக்கு. 'டிக் டிக்' இல்லை, முதலாளி இல்லை. மெட்டு தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

எதிர்க்கட்சி வக்கீலுக்கும் இடம் கொடுக்க வேண்டும். வேகமான உருப்படிகளில் ப்ரெவினின் விரல்கள் சில சமயம் அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. எல்லாம் சுத்தம், எல்லாம் பளபளப்பு; ஆனால் எங்கேயாவது ஒரு தடுமாற்றம், ஒரு தேடல் வராதா என்று நமக்கே ஏக்கமாகிறது. அடுத்தடுத்து 'பால் ஜோயி', 'ஜிஜி', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்று இதே பாணியில் தட்டுக்கள் வந்தன. பாஸில் ரெட் மிட்செல். தலைப்பில் இப்போது ப்ரெவினின் பெயர். எல்லாமே கேட்கத் தகுந்தவைதான். ஆனால் ஒரு தடவை கிணறு வெட்டித் தண்ணீர் வந்தது என்பதற்காக ஒரே தெருவில் நாலு கிணறு வெட்டுவானேன்? கோனிக்குக்குக் கம்பெனி நடக்க வேண்டியிருந்தது என்பது ஒரு பதில்.

இன்னொரு பதிலும் எனக்குத் தோன்றுகிறது. அவருடைய நான்கு ஆஸ்கார்களும் எந்தப் படங்களுக்கு என்று பாருங்கள்: 'ஜிஜி', 'போர்கி அண்ட் பெஸ்', 'இர்மா லா டூஸ்', 'மை ஃபேர் லேடி'. நான்கிலும் மெட்டு பிறருடையது. அதைத் திரைக்கு ஏற்றபடி அலங்கரித்ததற்குத்தான் பரிசு. பிறர் பெற்ற பிள்ளைக்குத் தலை சீவிப் பொட்டிடுவது அவர் தொழில். பகலில் அறுபது எழுபது பேரை வைத்துக்கொண்டு செய்ததை, ராத்திரியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்தார். 1964இல் 'மை ஃபேர் லேடி' படமாக வந்தபோது அதே பாட்டுக்களுக்குப் பெரிய வாத்திய கோஷ்டியை நடத்தியவரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பரிசு கிடைத்தது பெரிய கோஷ்டிக்கு. என் ஓட்டு பின்கட்டு அறைக்கு.

அதற்குப் பின் அவர் ஹாலிவுட்டை விட்டு விலகிப் போனார். 1968 முதல் 1979 வரை லண்டன் சிம்பனி கோஷ்டிக்குத் தலைவர். நம் ரவிசங்கர் சிதாருக்கும் மேல்நாட்டு வாத்திய கோஷ்டிக்குமாக எழுதிய முதல் உருப்படியை 1971இல் அந்தக் கோஷ்டியோடு வாசித்தபோது, கோலைப் பிடித்து நடத்தியவர் இவர்தான். அந்த உலகத்திலும் சில பெரிய மனிதர்கள் 'நல்ல கண்டக்டர்தான். ஆனால் ஹாலிவுட்டிலிருந்து வந்தவர்' என்று இழுத்தார்கள். 'ஆனால்' கடல் தாண்டியும் வந்துவிட்டது!

ஜாஸ் பெரும்பாலும் ஓரமாகக் கிடந்தது. பிறகு 1989இல், அறுபது வயதை எட்டும் சமயம், மறுபடி மூவராக உட்கார்ந்தார். பாஸில் ரே பிரவுன், கிடாரில் ஜோ பாஸ், டிரம்மே கிடையாது. தட்டின் பெயர் 'ஆஃப்டர் ஹவர்ஸ்', அதாவது வேலை நேரம் முடிந்த பிறகு. இளமையின் அவசரம் அதில் இல்லை. கிடார் பேசினால் பியானோ காத்திருக்கிறது. பல இடங்களில் இரண்டு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டு, ரே பிரவுன் நடந்து போவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது.

ப்ரெவின் 2019 பிப்ரவரியில் நியூயார்க்கில் காலமானார். தட்டுக்கள் இன்னும் கிடைக்கின்றன. 1956இல் போட்ட எட்டில் முதலில் அந்தப் பேராசிரியர் பாட்டைப் போடுங்கள்; குதிரைப் பந்தயம் அப்புறம்.