முக்கோணம் எங்கே போயிற்று?

நம் கல்லூரி வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் மாணவர் கூட்டத்தைச் சற்றே நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். வாய் ஓய்ந்தாலும் கட்டைவிரல் ஓய்வதில்லை. சிலர் திறன்பேசியின் அடியில் தெரியும் முக்கோணத்தையும் வட்டத்தையும் சதுரத்தையும் தொட்டுத் தொட்டுச் செல்கின்றனர். வேறு சிலரோ திரையின் ஓரத்திலிருந்து விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தே எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றனர். "இன்னுமா பட்டனை வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று பின்னவர் முன்னவரைப் பார்த்து நகைப்பதும் உண்டு. அவ்வாறு நகைத்தவர்களுள் நானும் ஒருத்தி. அந்த நகைப்பு முறைதானா என்பதே இன்று என் ஐயம்.

பொத்தானின் கதை நெடியதன்று. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனின் முகத்தில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. எங்கே போய்ச் சிக்கிக்கொண்டாலும் அதை அழுத்தினால் வீடு வந்து சேரலாம். அடுத்த ஆண்டு வந்த முதல் ஆண்டிராய்டு பேசியில் முகப்புக்கு ஒன்று, பின்செல்ல ஒன்று எனத் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. 2011இல் ஆண்டிராய்டு 4.0 வந்தபோது அவை கண்ணாடிக்குள் குடிபுகுந்தன. முக்கோணம், வட்டம், சதுரம் என்னும் இன்றைய உருவம் 2014இல் வந்தது. சைகை முறையும் நேற்று முளைத்ததன்று. 2009இல் பாம் பிரீயும் 2011இல் நோக்கியா என்9உம் விரல்வீச்சை நம்பிச் சந்தைக்கு வந்தவையே, நிலைக்கவில்லை, அவ்வளவுதான். 2017இல் ஐபோன் எக்ஸ் தன் முகப்புப் பொத்தானைத் துறந்த பிறகே உலகம் அத்திசையில் திரும்பியது. 2019இல் ஆண்டிராய்டு 10, இருபக்க ஓரங்களிலிருந்தும் உள்நோக்கித் தேய்த்தால் பின்செல்லும் முறையைக் கொண்டுவந்தது.

சைகைக்கு ஆதரவாகச் சொல்லவும் நிறைய உண்டு. திரையின் அடியில் ஒரு பட்டை இடம் மிச்சமாகிறது. பேசிகள் அகன்றுவிட்ட இக்காலத்தில், எந்தக் கையில் பிடித்திருந்தாலும் அந்தப் பக்கத்து ஓரமே விரலுக்கு எட்டுகிறது. பின்செல்லும் பொத்தானோ பிக்சல் பேசியில் இடக்கோடியில் இருக்கும். சாம்சங்கில் வலக்கோடியில் இருக்கும். தோழியின் பேசியை வாங்கிப் பார்ப்பவள் தவறானதைத் தொட்டு விழிப்பது நாம் அறியாததா? பழகிய விரலுக்குச் சைகை விரைவானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், பழகிய விரல் என்றேனே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பொத்தான், "நான் இங்கே இருக்கிறேன்" என்று தானே சொல்லிக்கொள்கிறது. சைகையை யாராவது சொல்லித்தர வேண்டும். வடிவமைப்பியல் அறிஞர்களான டொனால்டு நார்மனும் ஜேக்கப் நீல்சனும் சைகை வழி இயக்கத்தைப் பின்னோக்கிய அடி என்றே 2010இல் எழுதினர். என்ன செய்யலாம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அவர்களது முதன்மைக் குற்றச்சாட்டு. இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் அதற்கு முழு விடை கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலும், ஓரம் என்பது பின்செல்வதற்கு மட்டுமே உரியதன்று. படத்தை நகர்த்தவும் பட்டியலை வெளியே இழுக்கவும் அதே ஓரம்தான் வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு உதவித்தொகைப் படிவம் ஒன்றை இரவு பதினொரு மணிக்குப் பேசியிலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன். இறுதியாக என் புகைப்படத்தை அளவுக்கு வெட்ட, அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். பேசியோ நான் பின்செல்ல விரும்புவதாக எண்ணிக்கொண்டது. வருமானச் சான்று எண்ணிலிருந்து வங்கிக் கணக்கு வரை அத்தனையும் போயிற்று. பொத்தானைத் தவறித் தொட்டாலும் இது நேர்ந்திருக்கும் என்பீர்கள். நேரலாம்; ஆனால் படத்தின் விளிம்பில் எவரும் பொத்தானை வைப்பதில்லை.

என் எண்ணத்தை மாற்றியது அந்த இரவன்று. மாற்றியவர் என் அப்பத்தா.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, உருவம் தெரியும். சித்தப்பா வாங்கித் தந்த பழைய பேசியில், முக்கோணத்தைத் தொட்டால் முந்திய இடம், வட்டத்தைத் தொட்டால் முதல் இடம் என்று நான்கே நாளில் கற்றுக்கொண்டார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவைத் தாமே அழைப்பார்; முகம் பார்த்துப் பேசுவார்; பேசி முடித்து வட்டத்தைத் தொட்டு வைப்பார். அந்தப் பேசி தண்ணீரில் விழுந்து கெட்டது. புதியது வந்தது. அதன் அடியில் ஒரு மெல்லிய கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லை.

"ஏத்தா, அந்த முக்கோணத்தைக் காணோமே, எங்க போச்சு?" என்றார்.

நான் சைகையைக் கற்றுத்தர முயன்றேன். வரவில்லை. இயற்பியல் மாணவியாகிய எனக்குக் காரணம் பின்னரே உறைத்தது. தொடுதிரை, விரலால் உண்டாகும் மின்தேக்குத்திறன் மாற்றத்தைக் கொண்டே தொடுகையை உணர்கிறது. களையெடுத்தும் கதிரறுத்தும் காய்த்துப்போன வறண்ட விரலை அது சரியாக உணர்வதில்லை. ஒருமுறை தொடுவதே அப்பத்தாவுக்குப் பாடு. தொடுகை இடையில் அறாமல் ஓரத்திலிருந்து இழுப்பதென்றால் எப்படி? ஏதோ ஒரு பாட்டு ஓடும். நிறுத்தத் தெரியாமல் எதிர்வீட்டுச் சிறுவனிடம் நீட்டுவார். சில நாளில் அதற்கும் கூசிப் பேசியை அலமாரியில் வைத்துவிட்டார். அழைப்பு வந்தால் எடுப்பார். தாமாக அழைப்பது நின்றுபோயிற்று. "அத்தை ஏன் இப்போதெல்லாம் பேசுவதில்லை?" என்று சித்தி கேட்ட பிறகே எங்களுக்கு அது தெரிந்தது.

ஆகவே, சைகை வேண்டாம் என்பதன்று என் கட்சி. பேசியை முதன்முதலாகத் திறக்கும்போதே இரண்டில் எது வேண்டும் என்று ஒவ்வொரு பேசியும் கேட்டாக வேண்டும் என்பேன். முகப்புப் பொத்தான் கொண்ட கடைசி ஐபோனான 2022ஆம் ஆண்டு எஸ்இ, 2025இல் விற்பனைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. அங்கே தேர்வு என்பதே இல்லாமற் போயிற்று. ஆண்டிராய்டில் தேர்வு இன்னும் இருக்கிறது. எங்கோ உள்ளறையில் இருக்கிறது. சாம்சங் பேசியானால் அமைப்புகளில் திரை தொடர்பான பகுதியிலும், பிக்சலானாலும் அமைப்புகளுக்குள்ளேயே தேடினால் அகப்படும். மூன்று பொத்தான் முறையைத் தேர்ந்தால் போதும்.

பொங்கல் விடுமுறையில் அதைத்தான் செய்தேன். இரண்டு நிமிடம் பிடித்தது. அப்பத்தா முக்கோணத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சிங்கப்பூருக்கு அழைத்தார். என் பேசியில் இன்னும் சைகைதான்.