இடது ஓரம் மட்டும் வேலி ஆகாது

2016 பிப்ரவரி 7. கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் இறுதிப்போட்டி, 50-ஆவது சூப்பர் பவுல். கரோலினா பாந்தர்ஸ் அணியின் இடது டாக்கிளாக நின்றவர் மைக்கேல் ஓஹர். மைக்கேல் லூயிஸ் 2006-இல் எழுதிய ‘தி பிளைண்ட் சைட்’ புத்தகத்தின் நாயகன் அவர். 2009-இல் அது திரைப்படமாகவும் வந்தது. குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவரே அணியைக் காப்பவர் என்ற எண்ணத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த பெயர் அது. ஆனால் ஓஹர் நின்ற பக்கத்தில் அன்றைய ஆட்டம் முடிவாகவில்லை. டென்வர் பிராங்கோஸின் வான் மில்லர் எதிர்ப்பக்கமாக, வலது டாக்கிள் மைக் ரெம்மர்ஸைத் தாண்டிப் புகுந்தார். முதல் கால்பகுதியில் கரோலினா குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்தே பந்தைப் பறித்தார். கடைசிக் கால்பகுதியில் மறுபடி அதே பக்கம், மறுபடி பந்து நழுவியது. அன்று டென்வர் அடித்த இரண்டு டச் டவுனும் அந்த இரண்டு பாய்ச்சலில் பிறந்தவை. 24–10 என்று ஆட்டம் முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு ஏப்ரலிலும், என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது, பழைய பல்லவியே கேட்கிறது. முதல் சுற்று வாய்ப்பை இடது டாக்கிளுக்குச் செலவழியுங்கள், மற்ற நாலு இடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு நாலு காரணங்களும் சொல்கிறார்கள். நாலிலும் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். பந்தைக் காலிடுக்கு வழியே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு வெளியே இரண்டு டாக்கிள்கள். இந்த ஐவரும் சேர்ந்ததுதான் ஆஃபென்சிவ் லைன். பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள இவர்களில் சென்டரைத் தவிர யாரும் பந்தைத் தொடுவதே அரிது. குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு இரண்டரை, மூன்று விநாடி கிடைக்கிறதா என்பது இவர்கள் கையில்.

முதல் காரணம் முதுகு. வலதுகைக்காரர் பந்தை எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் பார்வைக்கு வராது. அங்கிருந்து வருபவர்தான் ஆபத்து என்கிறார்கள். 1985 நவம்பர் 18 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனைச் சாய்த்ததில் தைஸ்மனின் கால் முறிந்தது; அவர் அதன்பின் ஆடவே இல்லை. லூயிஸின் புத்தகம் தொடங்குவதே அந்தக் காட்சியில்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெய்லரின் காலத்துப் பயத்தை வைத்து இன்றைய அணியைக் கட்ட முடியாது. பாய்ந்து வருபவரை எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது எதிரணிப் பயிற்சியாளர். இடப்பக்கம் மலைபோல ஒருவர் நிற்கிறார் என்றால் அவர் தன் ஆளை வலப்பக்கம் கொண்டுபோகிறார். கபடியில் பாடிவருபவன் பலசாலி நிற்கும் மூலைக்கா போகிறான்? 2021-இல் 22.5 சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து ஒரு பருவத்துக்கான அன்றைய சாதனையைச் சமன்செய்த டி.ஜே. வாட் பெரும்பாலும் நின்றது வலது டாக்கிளுக்கு எதிரில். மில்லரும் அப்படியே. டுவா டாகோவைலோவா போன்ற இடதுகைக் குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் என்பதே வலது பக்கம்தான்.

அதைவிடப் பெரிய அபாயம் நடுவில் இருக்கிறது. ஓரத்திலிருந்து வருபவர் வளைந்து வர வேண்டும். குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் வைத்தால் அவர் பின்னால் கடந்துபோய்விடுவார். நடுவிலிருந்து வருபவருக்கு வளைவு கிடையாது, நேர்க்கோடுதான். முன்னால் அடி வைக்க இடமும் இராது. முகத்துக்கு நேரே வருகிறவரைக் கண்ணால் பார்ப்பதாலேயே தப்பித்துவிட முடியாது.

சின்சினாட்டி பெங்கால்ஸ் இதைக் கசப்பாகவே கற்றது. 2021 ஏப்ரலில் அந்த அணியின் முன் ஒரு விவாதம் இருந்தது: ஐந்தாவது வாய்ப்பில் டாக்கிள் பெனே சூவலை எடுப்பதா, பந்தைப் பிடித்து ஓடும் ஜமார் சேஸை எடுப்பதா? சேஸை எடுத்தார்கள். அந்த ஆண்டு குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ வழக்கமான பருவத்தில் 51 முறை சாக் செய்யப்பட்டார். டென்னசி டைட்டன்ஸுடனான பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டம் ஒன்றிலேயே 9 முறை. சூப்பர் பவுலில் 7 முறை. ‘டாக்கிளை எடுத்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா’ என்று இன்றும் கேட்கிறார்கள். பெங்கால்ஸின் இடது டாக்கிள் ஜோனா வில்லியம்ஸ் 2019-இல் முதல் சுற்றில், 11-ஆவதாக எடுக்கப்பட்டவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முதல் சுற்று இடது டாக்கிள் ஏற்கெனவே அங்கே இருந்தார். வலது கார்டு இடமோ அந்த ஆண்டு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 2022 பிப்ரவரி 13, சூப்பர் பவுலின் கடைசி நிமிடம், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 23–20 என முன்னிலை. கடைசி முயற்சியான நாலாவது டவுனில் பர்ரோ எறியுமுன் அவரைப் பிடித்துச் சுழற்றியவர் ஆரன் டானல்டு. டானல்டு ஓரத்து ஆள் அல்ல. லைனின் நடுவைப் பிளந்து வந்தவர், மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் விருது வாங்கியவர். அடுத்த இளவேனிலில் பெங்கால்ஸ் என்ன செய்தது தெரியுமா? இடது டாக்கிளை அப்படியே விட்டுவிட்டு சென்டர், வலது கார்டு, வலது டாக்கிள் என மூன்று இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் பிடித்தது. எங்கே ஒழுகியது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது காரணம்: நல்ல இடது டாக்கிள் முதல் சுற்றில்தான் கிடைப்பார். இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். 1996-இல் நாலாவதாக ஜொனதன் ஆக்டன், 1997-இல் முதலாவதாக ஆர்லாண்டோ பேஸ், அதே ஆண்டு ஆறாவதாக வால்டர் ஜோன்ஸ், 2007-இல் மூன்றாவதாக ஜோ தாமஸ். நால்வரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆனால் இதே கணக்கின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். 2004-இல் ராபர்ட் கேலரி, 2009-இல் ஜேசன் ஸ்மித், 2013-இல் லூக் ஜோக்கல், 2014-இல் கிரெக் ராபின்சன். நால்வருமே ஒட்டுமொத்த டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட டாக்கிள்கள். ஒருவர்கூட எதிர்பார்த்த இடது டாக்கிளாக நிலைக்கவில்லை. கேலரி கார்டாக மாறிய பிறகுதான் உருப்படியாக ஆடினார்.

பிலடெல்பியா ஈகிள்ஸைப் பாருங்கள். ஜேசன் பீட்டர்ஸ் 2004-இல் யாராலும் டிராஃப்டில் எடுக்கப்படாத டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று பந்தையும் பிடிப்பவர்). பஃபலோவில் டாக்கிளாக மாறி, பிலடெல்பியாவுக்கு வந்து ஆண்டுக்கணக்கில் இடப்பக்கத்தைக் காத்தார். 2017-இல் அவர் காயம்பட்டபோது ஐந்தாம் சுற்றில் வந்த ஹலாபூலிவாட்டி வைட்டாய் அந்த இடத்தில் நின்றார். அந்த லைனோடுதான் ஈகிள்ஸ் தன் முதல் சூப்பர் பவுலை வென்றது. 2019-இல் பீட்டர்ஸுக்கு வாரிசாக ஆந்த்ரே டில்லர்டை முதல் சுற்றில் எடுத்தார்கள். 2021-இல் அந்த இடத்தை டில்லர்டிடமிருந்து வென்றவர் ஜோர்டன் மைலாட்டா: ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், 2018-இல் ஏழாம் சுற்றில் 233-ஆவதாக எடுக்கப்படும்வரை இந்த ஆட்டத்தை ஒரு போட்டியில்கூட ஆடியிராதவர். அவரை உருவாக்கியது ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற லைன் பயிற்சியாளரின் பொறுமை. நல்ல பயிற்சியாளர் ஒருவரைப் பத்தாண்டு தக்கவைத்துக்கொள்வது முதல் சுற்று வாய்ப்புக்குக் கொஞ்சமும் குறைந்த முதலீடு அல்ல என்பது என் கருத்து. இதைப் பேசுவோர் குறைவு என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஜோ தாமஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்காக இடது டாக்கிளாகத் தொடர்ந்து 10,363 ஸ்நாப்கள் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஒவ்வொரு தருணமும் ஒரு ஸ்நாப்), ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடிய மனிதர். அந்தப் பதினொரு ஆண்டில் பிரவுன்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவர் பொறுப்பல்ல. குவார்ட்டர்பேக் வரிசையே மாறி மாறி வந்த அணி அது. ஆனாலும் இடது டாக்கிள் அமைந்தால் மற்றது தானாக அமையும் என்பவர்கள் அந்தப் பதினொரு ஆண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, கார்டும் சென்டரும் மலிவாகக் கிடைப்பார்களாம். சென்டரின் வேலை பந்தைக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. எதிரே யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று படித்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர் அவர். இரண்டு எதிரிகள் குறுக்கே கத்தரிபோல இடம் மாறிப் பாயும்போது, கார்டும் டாக்கிளும் தங்கள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அரை விநாடி தடுமாறினால் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். பக்கத்தில் நிற்பவர் சரியில்லாதபோது உலகத்திலேயே சிறந்த டாக்கிளும் அங்கே தனியாளாகத்தான் நிற்பார்.

2013-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் சென்டர் டிராவிஸ் ஃபிரெடரிக்கை முதல் சுற்றில் 31-ஆவதாக எடுத்தபோது, வீண் செலவு என்று பரவலாகப் பேசினார்கள். அடுத்த ஆண்டு 16-ஆவதாக ஜாக் மார்ட்டின். கல்லூரியில் இடது டாக்கிளாக இருந்தவரை வலது கார்டாக்கினார்கள். அந்த 2014-இல் அவர்களுக்குப் பின்னால் ஓடிய டிமார்கோ மர்ரே 1,845 கெஜம் ஓடினார். சந்தையும் இப்போது இதை ஒத்துக்கொண்டுவிட்டது: 2025-இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் கார்டு டிரே ஸ்மித்துக்கு நாலு ஆண்டுக்கு 94 மில்லியன் டாலர் கொடுத்தது. ஒரே வரிசையில் நிற்கும் ஐவரில் ஒருவரை மட்டும் அரசராகப் பார்த்த காலம் சம்பளப் பட்டியலிலேயே முடிந்துகொண்டிருக்கிறது.

நாலாவது காரணம்தான் எனக்கு மிக ஆபத்தானதாகப் படுகிறது. மற்ற இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், இடது டாக்கிளே காயம்பட்டாலும் இருப்பவர்களில் சிறந்த லைன்மேனை அங்கே நகர்த்திவிடலாம், ஐந்து நல்ல ஆட்கள் இருந்தால் எங்கே நின்றால் என்ன என்பது அது.

2021 பிப்ரவரி 7. டாம்பாவில் சூப்பர் பவுல். சீஃப்ஸுக்கு இரண்டு டாக்கிள்களும் காயத்தால் இல்லை. வலது டாக்கிளாக ஆடிவந்த ரெம்மர்ஸ் (அதே ரெம்மர்ஸ்தான்) இடப்பக்கம் போனார். வலது கார்டாக ஆடிவந்த ஆண்ட்ரூ வைலி வலது டாக்கிளானார். கார்டு இடத்துக்கு இன்னொருவர். விளைவு, சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை டாம்பா பே 29 முறை நெருக்கியது. சூப்பர் பவுலில் அதுவரை எவருக்கும் அவ்வளவு நெருக்கடி நேர்ந்ததில்லை. ஒரு டச் டவுன்கூட இல்லாமல் 31–9 தோல்வி. இடது பக்கம் நிற்பவர் பின்னோக்கி உதைத்து நகர்வது இடது காலில். வலப்பக்கம் வந்தால் எல்லாமே கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிவிடும்: எந்தக் கால் பின்னே, எந்தக் கை முதலில், எந்த இடுப்பைத் திறப்பது என்று. வருஷக்கணக்கில் உடம்பில் ஊறியதை ஒரே வாரத்தில் மறக்கச் சொல்வது கொடுமை. ஓரிடத்தை அடைக்கப்போய் இரண்டு இடம் திறந்துகொள்கிறது.

சீஃப்ஸ் அந்த இளவேனிலிலேயே லைனை அடியோடு மாற்றியது. 2023 பிப்ரவரியில் அது எதிர்கொண்டது, அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த ஈகிள்ஸை. அன்று மஹோம்ஸ் ஒருமுறைகூடச் சாக் ஆகவில்லை, 38–35 வெற்றி. வலது டாக்கிளாக நின்றவர் யார்? அதே வைலி. இந்த முறை அவர் பருவம் முழுக்க அந்த இடத்தில் ஆடிப் பழகியிருந்தார்.

ஆனால் பழைய தவறு திரும்பவும் வந்தது. 2024 பருவத்தின் பின்பகுதியில் இடது டாக்கிள் இடம் தடுமாற, சிறந்த கார்டு ஜோ தூனியை அங்கே நகர்த்தினார்கள். தூனி சில வாரங்கள் தாங்கினார். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் கூடுதல் ஆளையே அனுப்பாமல், நால்வரை மட்டும் வைத்து மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. 40–22.

மார்ட்டினும் இடம் மாறியவர்தானே என்று கேட்கலாம். 2012 பருவத்தின் பிளேஆஃபுக்கு முன் பால்டிமோர் ரேவன்ஸும் லைனை மாற்றியடித்து, ஓஹரை வலது பக்கம் கொண்டுபோய், இடப்பக்கம் பிரையன்ட் மெக்கின்னியை நிறுத்தி, கோப்பையை வென்றதே என்றும் கேட்கலாம். ஆம். ‘பிளைண்ட் சைட்’ நாயகன் மோதிரம் வாங்கியது வலது டாக்கிளாக நின்றுதான். ஆனால் மெக்கின்னி பிறவி இடது டாக்கிள். ஓஹர் முதல் ஆண்டிலேயே வலப்பக்கம் ஆடியவர். மார்ட்டினுக்கு ஒரு முழுக் கோடைகாலம் கிடைத்தது. இடம் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளுக்குப் பொருந்துகிற இடத்துக்கு, பழகுவதற்கு அவகாசம் கொடுத்து மாற்றுங்கள் என்கிறேன். டிராஃப்ட் நாளில் ஐந்து இடத்தையும் ஒரே தட்டில் வைத்து, எது மிக மெலிந்திருக்கிறதோ அதற்கு முதல் வாய்ப்பைக் கொடுங்கள். அது இடது டாக்கிளாக இருந்தால் தாராளமாக எடுங்கள்.

பெங்கால்ஸ் கடந்துபோன சூவலை அன்று ஏழாவதாக எடுத்தது டெட்ராய்ட் லயன்ஸ். கல்லூரியில் அவர் இடது டாக்கிள். லயன்ஸிடமோ டெய்லர் டெக்கர் என்ற நல்ல இடது டாக்கிள் ஏற்கெனவே இருந்தார். காலியாக இருந்தது வலப்பக்கம். பருவத்தின் தொடக்கத்தில் டெக்கர் விரல் காயத்தால் உட்கார, சூவல் இடப்பக்கம் நின்றார். டெக்கர் திரும்பி வந்ததும், புதியவர் இளையவர், முதல் சுற்றுக்காரர் என்றெல்லாம் பார்க்காமல், அவரவர் இடத்தை அவரவருக்கே கொடுத்தார்கள். சூவல் வலப்பக்கம் போனார். 2024 ஏப்ரலில் லயன்ஸ் அவருக்கு நாலு ஆண்டுக்கு 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தந்தது. அன்றைய தேதியில் லீகிலேயே அதிக ஆண்டுச் சம்பளம் வாங்கும் லைன்மேன், ஒரு வலது டாக்கிள்.